அவான்சே என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

பிற மொழியில் அமைந்த எந்த ஆவணமும், தகுதியுள்ள வேறொருவர் மொழிபெயர்த்துக் கையொப்பமிட்ட படி இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பரிசீலிக்கப்படும். விண்ணப்பதாரர் தன் ஆவணத்தைத் தானே மொழிபெயர்த்துத் தானே சான்றளித்துக்கொள்ளக் கூடாது. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களை அடுக்கியிருந்தால் எங்கள் வீட்டு மாடிக்குப் படிக்கட்டே கட்டியிருக்க வேண்டாம். அப்பேர்ப்பட்ட விதியை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மீறினேன். மீறிய பதினோராவது நிமிடத்தில் தண்டனை கிடைத்தது. எந்த அலுவலகமும் இவ்வளவு விரைவாக நடவடிக்கை எடுத்து நான் பார்த்ததில்லை.

நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. விடைபெறும் விழாவில் எனக்குப் போர்த்திய சால்வையை வயிற்றில் சுற்றிக் கட்டினால், விழாவன்று இரண்டு சுற்று வந்தது இப்போது ஒன்றரைச் சுற்றுதான் வந்தது. (சால்வை சுருங்கிவிட்டது என்று நான் சொன்னேன். அதைத் துவைக்கவே இல்லை என்று என் மனைவி சரோஜா சொன்னாள்.)

அந்தச் சமயத்தில்தான் சரோஜாவின் தம்பி கலியபெருமாள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பாரிசுக்கு வெளியே ஏதோ ஒரு கிடங்கில் வேலை. ஐம்பது வயதிலும் வயிறு இருக்கும் இடமே தெரியாது. திரும்பிப் போகும்போது பெட்டியின் எடை கூடிவிட்டதென்று சில பொருட்களை எங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றான். அவற்றில் ஒன்று நான்கு டிவிடிகள் அடங்கிய ஓர் உடற்பயிற்சிப் பெட்டி. "அத்தான், இதை யாராச்சும் வயசுப் பசங்களுக்குக் குடுத்துருங்க" என்று வண்டியில் ஏறியபடி சொன்னான் என்று சரோஜா பின்னாளில் சாட்சியம் அளித்தாள். எனக்கு அது காதில் விழவில்லை. எழுத்து மூலம் வராத எதுவும் என் காதில் விழுந்து பழக்கமில்லை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'நிவோ அவான்சே' என்று பிரெஞ்சில் அச்சாகியிருந்தது.

இங்கே என் தகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பிரெஞ்சுக்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவன். அவன் போன பிறகும் பிரெஞ்சையே முதல் மொழியாகப் படித்தவன். அலுவலகத்தில் கரையான் தின்ற பழைய பதிவேடுகளைப் படிக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வுக்குப் பிறகும் எங்கள் கோவில்பத்தில் யாருக்குப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் அது என் வீட்டுக்குத்தான் வரும். மருமகன் அங்கே இருப்பவர்கள், மகன் அங்கே இருப்பவர்கள், போலகத்திலிருந்து பேருந்து ஏறி வருபவர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பேன். அவசரப்படாமல் துடைப்பேன். நாற்காலியும் மணியும் கோப்பும் போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்த பதவி அது ஒன்றுதான். அது மட்டும் போய்விட்டால் நான் காலையில் எதற்காகச் சட்டை போட வேண்டும் என்று எனக்கே தெரியாது.

ஆகவே அட்டையைப் பார்த்ததும் படித்தேன். 'நிவோ' என்றால் நிலை. 'அவான்சே'? பழைய பதிவேடுகளில் நூறு முறை பார்த்த சொல். 'ஆழ் அவான்சே' என்று வரும். முதிர்ந்த வயது என்று பொருள். இன்னார் ஆழ் அவான்சே காரணமாக நேரில் வருவதிலிருந்து விலக்களிக்கப்படுகிறார் என்று எழுதியிருப்பார்கள். போதாக்குறைக்கு அட்டையில் நின்ற பயிற்சியாளருக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"சரோஜா, இது வயசானவங்களுக்குன்னே போட்டது. முதுமை நிலைப் பயிற்சி" என்றேன்.

"அந்த ஆளப் பாத்தா வயசானவர் மாதிரியா இருக்கு? வயித்துல தோசைக்கல்லை அடுக்கி வச்ச மாதிரில்ல இருக்கு."

"அதுதான் பயிற்சியோட பலன்."

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, 'முதுமை நிலை உடற்பயிற்சி (நான்கு தட்டுகள்)' என்று தமிழில் எழுதி, கீழே சுருக்கொப்பமிட்டுத் தேதியும் போட்டுப் பெட்டியின் மேல் ஒட்டினேன். பின்னால் எனக்கு எதிராகச் சமர்ப்பிக்கப்பட்ட முதல் ஆவணம் அதுதான்.

அன்று புதன்கிழமை, காலை பத்து மணி. சரோஜா பின்கட்டில் கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சிக்கென்று உடை இல்லாததால் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த நீலக் கால்சட்டையையும் பனியனையும் அணிந்து, கூடத்து டீப்பாயை ஓரம் தள்ளிவிட்டு முதல் தட்டைப் போட்டேன்.

நரைத்தவர் திரையில் தோன்றினார். அவருக்குப் பின்னால் இரண்டு இளம்பெண்கள் நின்றார்கள். முதியவர்கள் தடுமாறினால் பிடித்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்ட செவிலியர்கள் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பொறுப்பான நாடு என்று தோன்றியது. அடுத்த நொடியில் மூன்று பேரும் குதிக்க ஆரம்பித்தார்கள்.

நானும் குதித்தேன். இருபது எண்ணினேன். அவர்கள் நிறுத்தவில்லை. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவர் கையைத் தட்டி, உடம்பு சூடேறிவிட்டது, இனிப் பயிற்சியைத் தொடங்கலாம் என்று சிரித்தபடி சொன்னார். இதுவரை நடந்தது பயிற்சி இல்லை என்ற செய்தியை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

பிறகு தரையில் குப்புறப் படுத்து, முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் படும்படி பலகை போல் நிற்கச் சொன்னார். நான் பலகையாக நின்றது ஆறு நொடி. ஏழாவது நொடியில் ஈரச் சாக்கானேன். அங்கே செவிலியர்கள் ஒரு காலை வேறு தூக்கிக்கொண்டிருந்தார்கள். தன் முதியவர்களுக்கு ஒரு நாடு இவ்வளவு கடினமான முதுமையை விதிக்கிறதே என்று வியந்தேன். அங்கே ஏன் புரட்சி வந்தது என்பது எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ரோஷம்தான். பிரான்சில் என் வயதுக்காரன் ஒருவன் இதைச் செய்கிறான், நான் செய்யக் கூடாதா?

பதினோராவது நிமிடத்தில் அவர் 'ஃபாந்த்' என்றார். பிளவு என்று பொருள். எது பிளக்கப்போகிறது என்று அவர் சொல்லவில்லை. ஒரு காலை முன்னால் வீசி, மற்றொரு காலைப் பின்னால் நீட்டி, முழங்காலை மடித்து இறங்க வேண்டும். பிறகு அந்தரத்தில் எழும்பிக் கால்களை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்க வேண்டும். நான் இறங்கினேன். கால்சட்டை பின்பக்கத் தையலில் பிளந்தது. அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பியதில் இடுப்பில் ஏதோ ஒன்று பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஒரு முழங்கால் தரையில், ஒரு கை முன்னால் நீட்டியபடி, வாசலைப் பார்த்து நின்றுவிட்டேன்.

வாசலில் ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள்.

ராசாத்தி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். மகளைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தாள். மகள் அனுப்பும் காகிதங்களை மீன் கூடையில் வைக்காமல் சுருக்குப் பையில் மடித்து எடுத்து வருவாள். அன்றைக்கும் அப்படி ஒன்றோடுதான் வந்திருந்தாள்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏய்யா, எறா வேணுமான்னு கேக்க வந்தேன். அதுக்கு மண்டி போட்டா கேப்பாக?"

"ராசாத்தி, அம்மாவைக் கூப்பிடு."

"எந்திரிச்சு நின்னு சொல்லுங்கய்யா, எனக்குக் கூச்சமா இருக்கு."

"எந்திரிக்க முடியல."

திரையில் நரைத்தவர் கைதட்டி "ஆங்கோர், ஆங்கோர்" என்று கூவினார்.

"அந்தாளு என்ன சொல்றாரு?"

எந்த நிலையிலும் மொழிபெயர்ப்பை மறுத்தவனில்லை நான். "இன்னொரு தடவைன்னு சொல்றார்."

"ஒரு தடவைக்கே இந்தக் கதியில இருக்கீங்க. கண்ணில்லயா அவருக்கு? நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தும் ரிமோட் டீப்பாய்க்கு அடியில் போயிருந்தது. ராசாத்தி பின்கட்டுக்குப் போய், "சரோசாம்மா, ஐயா கூடத்துல ஒரு மாதிரியா நிக்கிறாக, வந்து பாருங்க" என்று அழைத்து வந்தாள். இரண்டு பேருமாக என்னைக் கோரைப்பாயில் சரித்து, பாயோடு இழுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். நான் கால்சட்டையின் பிளவைத் தரைப்பக்கமாக வைத்துக்கொள்வதிலேயே முழுக் கவனமும் செலுத்தினேன். கட்டில்வரை ஆங்கோர் கேட்டுக்கொண்டே இருந்தது.

மருத்துவர் வந்து பார்த்தார். தசைப்பிடிப்பு, இரண்டு வாரம் படுக்கை என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். முதியோருக்கான பயிற்சி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மை வெளிவந்தது ஞாயிற்றுக்கிழமை. கலியபெருமாள் தொலைபேசியில் அழைத்தான். நான் தலையைத் திருப்ப முடியாமல் கிடந்ததால், சரோஜா ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டிலருகே வைத்தாள். அந்த நேரம் பார்த்து ராசாத்தி பால்சுறா கொண்டு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மீன். "இடுப்பு வலின்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா, புட்டு செஞ்சு குடுங்க" என்று சரோஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அதையா போட்டீங்க?" என்றது தொலைபேசி. "அது தீயணைப்பு வண்டில வேலை பாக்குற பசங்க, மலை ஏறுறவங்க செய்யுறதுதான். நானே பாதியில விட்டுட்டேன். மேல பெருசா எழுதியிருந்துச்சே, அவான்சேன்னு."

"அதைப் பாத்துத்தான் போட்டேன். அவான்சேன்னா முதிர்ந்த வயசு."

மறுமுனையில் கலியபெருமாள் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னான்.

"அத்தான், ஆழ் அவான்சேன்னா வயசு. நிவோ அவான்சேன்னா பழகித் தேறினவங்களுக்கு உள்ள கடைசிப் படி. முதல் படி, நடுப் படியெல்லாம் தாண்டினவங்களுக்கு."

சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அது அவ்வளவாக வலிக்கவில்லை. வலித்தது ராசாத்தியின் முகம். அவள் சிரிக்கவில்லை. என் தலையணைக்கருகில் புதன்கிழமை வைத்துவிட்டுப் போயிருந்த அவள் மகளின் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்குள்ள நகராட்சி, மகளின் பிறப்புச் சான்றில் ஏதோ திருத்தம் கேட்டு எழுதிய கடிதம் அது.

"ஐயாவுக்கு ஒடம்பு சரியாவட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள். "இது ஒண்ணும் அவசரமில்ல." காகிதத்தை எடுத்து மடித்துச் சுருக்குப் பையில் வைத்து இறுக்கினாள். அதை நேராக அந்துவான் வாத்தியாரிடம் கொண்டுபோனாள் என்பது மறுநாள் தெரிந்தது.

அந்துவான் வாத்தியார் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பானவர். காகிதத்துடன் வருபவர்களுக்கு முதலில் இலக்கணம் சொல்லித் தருவார் என்பதால்தான் எல்லாரும் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது இலக்கணத்தைப் பொறுத்துக்கொண்டு அவரிடம் போக ஆரம்பித்தார்கள். நான் எழுந்து நடமாடத் தொடங்கியபோது என் கூடம் காலியாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்க் கட்டண ரசீதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதுவும் தமிழில் இருந்தது.

முறையீடு செய்வதென்று முடிவெடுத்தேன். பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் நிறுவனத்தின் முகவரி இருந்தது. அதற்குப் பிரெஞ்சில் நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, வரிசை எண் எல்லாவற்றோடும். ஒன்று: தங்கள் நாட்டு அரசே தன் ஆவணங்களில் இச்சொல்லை வயதைக் குறிக்கப் பயன்படுத்துகிறது. இரண்டு: யாருக்கான நிலை என்று அட்டையில் எங்கும் சொல்லப்படவில்லை. மூன்று: நரைத்த ஒருவரின் படத்தை அச்சிட்டதன் மூலம் ஐயத்துக்குத் தாங்களே இடமளித்திருக்கிறீர்கள். ஆகவே, படித்தவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு இவ்வாறு பொருள் கொள்ள வாய்ப்புண்டு என்பதை எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இழப்பீடு கோரவில்லை. கௌரவம் மட்டுமே கோரப்படுகிறது.

பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டுடன் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. முறைப்படி காத்திருந்துவிட்டு முதல் நினைவூட்டு. பிறகு இரண்டாவது. மூன்றாவதில் 'மீண்டும் பணிவுடன்' என்பதை நீக்கிவிட்டு வெறும் 'மீண்டும்' என்று எழுதினேன். அலுவலக மொழியில் இது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"அவன் உங்க காயிதத்தை மேசை மேசையா சுத்த விடுறானோ என்னவோ" என்றாள் சரோஜா.

"பதில் சொல்ல வேண்டியது அவங்க கடமை."

"முப்பத்தாறு வருஷம் நீங்க ஜனங்களைச் சுத்த விட்டீங்க. இப்ப ஒருத்தன் உங்களைச் சுத்த விடுறான். நல்லாத்தான் இருக்கு பாக்க."

இதற்குள் அந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் குடியேறிவிட்டது. முற்றிய கத்தரிக்காய் அவான்சே. புளித்த மாவு அவான்சே. விழிதியூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், முன்பின் தெரியாத ஓர் இளைஞன் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "ஒக்காருங்க, நீங்கதானே அந்த அவான்சே தாத்தா?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். நானும் உட்கார்ந்துதான் ஆக வேண்டியிருந்தது, இடுப்பு அப்படி.

அடுத்த ஆண்டு, ஒரு திங்கட்கிழமை, தபால்காரர் நீளமான உறை ஒன்றைக் கொண்டு வந்தார். பிரெஞ்சுத் தபால்தலை. நிறுவனத்தின் முத்திரை. நான் பிரித்துப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

"நில்லுங்க" என்றாள் சரோஜா. "இதையும் நீங்களே படிச்சுச் சொன்னா தெருவுல யாரு நம்புவா?"

நியாயமான ஆட்சேபணை. பக்கத்து வீட்டு வாசலில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த ராசாத்தியையும் கூப்பிட்டுக்கொண்டு மூன்று பேருமாக அந்துவான் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். அவர் கோட்டு போட்டு, டை கட்டி, எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"உரக்கப் படிங்க வாத்தியாரே, தமிழ்ல" என்றேன்.

அவர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திப் படித்தார். தாமதத்துக்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டிருந்தது. என் கடிதம் நான்கு பிரிவுகளைக் கடந்து வந்ததாம். (எனக்கு அவர்கள்மீது திடீரென்று ஒரு பாசம் உண்டாயிற்று.) என் வாதம் முற்றிலும் நியாயமானது என்றும், இனி வரும் பதிப்புகளில் 'அவான்சே' என்ற சொல் நீக்கப்பட்டு, 'பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு' என்று தெளிவாக அச்சிடப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். இதே போல் பொருள் கொண்ட இன்னொருவரும் உண்டு. தெற்குப் பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் வசிக்கும் மூதாட்டி.

வாத்தியார் அங்கே நிறுத்தினார்.

"மிச்சத்தையும் படிங்க" என்றாள் சரோஜா.

"அந்தம்மா இப்ப ரெண்டாவது தட்டுக்குப் போயிட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் யாரும் என் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். அதை நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

ராசாத்திதான் விஷயத்துக்கு வந்தாள். "அப்ப எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க வாத்தியாரய்யா. ஐயா படிச்சது தப்பா, அவுக எழுதுனது தப்பா?"

அந்துவான் வாத்தியார் ஐம்பது ஆண்டுகளாகப் பிறர் பிழையைத் திருத்தி வந்தவர். கடிதத்தை மறுபடி பார்த்தார். கையொப்பத்தைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். அதில் ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை.

"அவங்க எழுதினதுதான் தப்புன்னு அவங்களே எழுதியிருக்காங்க" என்றார்.

"பாரேன்" என்றாள் ராசாத்தி. "பிரான்சுக்காரனுக்கே பிரெஞ்சு சொல்லிக் குடுத்திருக்காக நம்ம ஐயா."

நான் அதை மறுக்கவில்லை. மறுப்பதற்கான காலக்கெடு எதுவும் குறிப்பிடப்படவில்லை. அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மகளுக்கு இன்னொரு காயிதம் வந்துச்சுன்னு அனுப்பியிருக்கா. சாயந்தரம் கொண்டாரேன், வீட்டுல இருப்பீங்களா?" என்றாள். கேட்டது வாத்தியாரை அல்ல, என்னை.

இருப்பேன் என்றேன். நாட்காட்டியைப் பார்த்துச் சொல்பவன் போல ஒரு நொடி தாமதித்துவிட்டுத்தான் சொன்னேன்.

வாசலில் வாத்தியார் கோட்டைச் சரிசெய்துகொண்டு எங்களோடு இறங்கினார். மார்பில் பதக்கம் குத்திய பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற நம்மூர்ச் சிப்பாய்கள் இருவர் அவருக்காகத் தெருமுனையில் காத்திருந்தார்கள். எங்கே இவ்வளவு அலங்காரம் என்று கேட்கத் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. என் முறையீட்டுக்குப் பதில் வந்து சேர்ந்த அன்றைய தேதி, ஜூலை பதினான்கு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். பிரெஞ்சு தேசம் முழுவதும் விடுமுறை விட்டு, கொடியேற்றிக் கொண்டாடிக்கொண்டிருந்தது.